பானை ஓட்டுக்கு இனம் எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்னியில் கிணறு வெட்டும்போது பானை ஓடுகள் வெளிப்பட்டாலோ, காடு வெட்டிய இடத்தில் பழைய செங்கல் கட்டு தெரிந்தாலோ அது பத்திரிகையில் வருகிறது. வரத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலும் வருவது ஒரு படம், 'இரண்டாயிரம் ஆண்டு பழமை' என்று ஒரு வரி, அது எந்த இனத்தாருடையது என்று ஒரு தலைப்பு. தமிழ்ப் பத்திரிகை ஒன்றைச் சொல்ல, சிங்களப் பத்திரிகை வேறொன்றைச் சொல்கிறது. எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது, காலத்தை யார் எதை வைத்துச் சொன்னார்கள் என்பதை இரண்டிலும் காண முடிவதில்லை. பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிற எனக்கு இது பெரிய கவலை. பிள்ளைகள் அந்தத் தலைப்பைத்தான் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள்.

நம் பகுதியில் அதிகம் பேசப்படும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டத்தையே எடுத்துக்கொள்வோம். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உட்புறத்துக்கும் விளிம்புக்கும் காற்றுப் போகாமல் அவை கறுக்கின்றன, வெளிப்புறம் சிவக்கிறது. இந்த வகை ஓடுகள் பூநகரியில் கிடைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலும், இறந்தவரைப் புதைத்த பொம்பரிப்பு ஈமத்தாழிகளிலும், அனுராதபுரத்தின் அடி மண்படைகளிலும், கடலுக்கு அப்பால் தமிழகத்து ஆதிச்சநல்லூரிலும் இருக்கின்றன. அப்படியென்றால் அந்த ஓடு நமக்குச் சொல்வது ஒரு சுடும் முறையையும் அது பரவியிருந்த வட்டாரத்தையும்தான். வனைந்தவர் வீட்டில் என்ன மொழி பேசினார் என்று அது சொல்லாது. ஓட்டில் எழுத்துக் கீறியிருந்தால் கதை வேறு. அப்போதும் ஒரு பெயரை வைத்து முழு ஊரையும் அளந்துவிட முடியாது.

காலக்கணிப்பும் பார்த்த மாத்திரத்தில் நடப்பதில்லை. எஞ்சியிருக்கும் கதிரியக்கக் காபனை அளந்து காலம் சொல்லும் காபன் முறை, ஒருகாலத்தில் உயிரோடிருந்த கரி, தானியம், எலும்பு போன்றவற்றுக்கே பொருந்தும். ஓட்டின் காலத்தை அதே மண்படையில் கிடந்த கரியைக் கொண்டு கணிக்கிறார்கள். பழைய வைரமரத்தை எரித்திருந்தால் அந்த மரம் வளர்ந்த காலம்தான் கிடைக்கும். அடுப்பு எரிந்த காலம் கிடைக்காது. அதனால்தான் ஒரு போகத்தில் விளைந்து முடியும் நெல்மணி கிடைத்தால் ஆய்வாளர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இவ்வளவுக்கும் அடிப்படை, ஓடும் கரியும் ஒரே படையில் கிடந்தன என்பது தெரிந்திருப்பது. மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒருமுறை இறங்கி அள்ளிவிட்டால், கிரவலோடு சேர்த்து அந்தத் தகவலும் டிப்பரில் ஏறிப் போய்விடும். பிறகு எந்த நிபுணர் வந்தும் பயனில்லை.

எவ்வளவு சிறிய பொருள் எவ்வளவு சொல்லும் என்பதற்கு மன்னார்ப் பக்கத்து நம் மாந்தை போதும். திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த அந்த மேட்டில் 1980 முதல் 1984 வரை தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தார்கள். போர் வந்து வேலை நின்றது. போர் முடிந்தபின் 2009, 2010 காலத்தில் மீண்டும் அகழ்ந்தபோது, மண்ணைத் தண்ணீரில் கரைத்து மிதப்பவற்றை வடித்தெடுத்தார்கள். கருகிய நெல்லோடு மிளகும் கிடைத்தது. ஒரே ஒரு கராம்பும் கிடைத்தது. அதன் காலம் கி.பி. 900 முதல் 1100 வரை. அன்று கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும்தான். மன்னார்க் கரைக்கும் அந்தத் தீவுகளுக்கும் இடையிலான கடல்வழி வாணிபத்துக்கு அந்த ஒரு கராம்பு சாட்சி!

மாந்தையில் சீனப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கலங்களும் நிறையக் கிடைத்தன. அதனால் அது சீனர் ஊர் என்று எவரும் எழுதவில்லை. பல நாட்டுப் பொருள் வந்திறங்கிய துறைமுகம் என்றே எழுதினார்கள். இந்த நிதானம் ஒரு பௌத்தச் செங்கல் கட்டையோ ஒரு லிங்கத்தையோ கண்டவுடன் நம்மை விட்டு எங்கே போகிறது? வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் பௌத்தத் துறவிகளுக்கான குகைகளில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பிராகிருத மொழியில் எழுதப்பட்ட அவற்றில், குகைக்கு உரியவராக விசாகன் என்ற தமிழ் வணிகர் குறிக்கப்படுகிறார். திருகோணமலைப் பக்கத்து வெல்கம் விகாரைக்குச் சோழ மன்னன் இராசராசன் பெயரால் இராசராசப்பெரும்பள்ளி என்ற பெயரும் உண்டு. அங்கே தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. பௌத்தச் சின்னம் என்றாலே சிங்களவருடையது என்பவர்களுக்கும், அது நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுங்குகிற நம்மவர்களுக்கும் இவை இரண்டும் இடைஞ்சல். எனக்கோ இவை பெருமையான சான்றுகள்.

கண்டெடுத்ததை அறிவிக்க வேண்டும் என்று 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அறிவித்தால் காணி போய்விடும் என்று கமக்காரர்கள் பயப்படுகிறார்கள். அது வெறும் பயம் என்று நான் சொல்லமாட்டேன். மீள்குடியேறி, திருத்திய வயலில் தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக்கல் நடப்படுவதைப் பார்த்தவனுக்கு ஓட்டைத் திரும்ப மண்ணுக்குள் தள்ளுவதுதான் சுகமாகத் தெரியும். ஆனால் அப்படித் தள்ளும்போது அவருக்குச் சாதகமாக அமையக்கூடிய சான்றும் அழிகிறது. அகழ்வு நடக்கும் இடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்களும் ஊரவர்களும் நின்று பார்க்க வழி இருக்க வேண்டும். அறிக்கை தமிழிலும் வெளிவர வேண்டும். இதைப் பத்திரிகைகள் விடாமல் கேட்டால் பயம் கொஞ்சமாவது குறையும்.

தங்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். இனி இப்படியொரு செய்தி வந்தால், பொருள் இன்னும் கிடந்த இடத்திலேயே இருக்கிறதா, எடுத்தவர் யார், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது, காலம் எதைக் கொண்டு கணிக்கப்பட்டது என்று நிருபரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால், 'ஆய்வு இன்னும் நடக்கவில்லை' என்று தலைப்பிலேயே போடுங்கள். கிணறு வெட்டும்போது ஓடு கண்டால் வேலையை நிறுத்தி, ஒரு அடிமட்டத்தை அருகில் வைத்துக் கிடந்தபடியே படம் எடுக்கும்படி வாசகர்களுக்கும் ஒரு பெட்டிச் செய்தியில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை ஒருவர்,
பூநகரி.