கணேசனின் கிரைண்டரும் கடைசிச் சொடுக்கும்

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதத்துக்கு இவ்வளவு காலம் பதில் எழுதாமல் இருந்ததற்கு நீ திட்டலாம். திட்டி முடித்த பிறகு மேலே படி. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் பழையபடியே இருக்கிறது.

விஷயம் நம் கணேசனைப் பற்றியது. மில் வேலையை விட்டுவிட்டு, சமையல் சாமான்களைப் பற்றி வீடியோ போட்டு, அதன் கீழே கொடுக்கும் அமேசான் இணைப்புகளின் கமிஷனில் குடும்பம் நடத்தப்போகிறானாம். உழைப்பில் குறையில்லை. கிரைண்டர் வீடியோவுக்காக உளுந்தை அரைத்து, மாவு பொங்குவதையும் கல் சூடேறுவதையும் கையால் தொட்டுக் காட்டியிருக்கிறான். என் கவலை பணம் வரும் வழியைப் பற்றியது.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களைச் சேலைக் கடைக்கு அழைத்துப்போய்த் தரகு வாங்குகிறவரின் முகம் கடைக்காரருக்குத் தெரியும். இங்கே முகத்துக்குப் பதிலாக, இணைப்பின் வாலில் ஓர் அடையாளக் குறி இருக்கிறது. அமேசான் இந்தத் திட்டத்தை 1996-இல் தொடங்கியது. இணைப்பைச் சொடுக்கியவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட்டால்தான் கமிஷன். மனைவியிடம் கேட்டுவிட்டு மறுவாரம் வந்து வாங்கினால் கணேசனுக்கு ஒன்றுமில்லை. பொருள் திரும்பிப் போனால் வந்த கமிஷனும் போய்விடும். தன் இணைப்பில் தானே வாங்கவும் கூடாது. மாமனார் வீட்டு மிக்ஸியில் இவன் என்ன செய்யப் பார்த்தான் என்பதை அவனிடமே கேட்டுக்கொள்.

இதைவிடக் கொடுமை, பெரும்பாலான நிறுவனங்கள் கடைசியாகச் சொடுக்கப்பட்ட இணைப்புக்கே முழுக் கமிஷனையும் கொடுப்பதுதான். கணேசன் சொன்னதை நம்பி வாங்க வந்தவர், பணம் கட்டுவதற்கு முன் தள்ளுபடிக் கூப்பன் தேடி வேறொரு தளத்துக்குப் போய்வந்தால், மாவரைத்தவனை விட்டுவிட்டுக் கூப்பன்காரன் கையில் காசு விழும். வாங்குகிறவருக்கே தெரியாமல் அவருடைய பிரௌசரில் தங்கள் குக்கியை, அதாவது தங்கள் இணைப்பு வழியாக வந்தவர் என்று காட்டும் சிறு குறிப்பை, திணிக்கிறவர்களும் உண்டு. ஈபே நிறுவனத்தை இப்படி ஏமாற்றிய இருவருக்கு 2014-இல் அமெரிக்காவில் சிறைத்தண்டனையே கிடைத்தது.

இத்தனைக்கும் மேல், கமிஷன் விகிதம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் வீட்டுச் சாமான்கள் சிலவற்றுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தபோது, அதை நம்பியிருந்தவர்களால் எதிர்த்துப் பேரம் பேச முடியவில்லை. வேலை முடிந்து மாலை நேரத்தில் வீடியோ செய்யட்டும், நானே உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன்; கமிஷன் வாங்குவதை வீடியோவிலேயே கூச்சப்படாமல் சொல்லவும் சொன்னேன். வேலையை விடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் பேசினால், "உனக்கு இன்டர்நெட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கிறான். மாதக் கடைசியில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப்போவதாகச் சொல்கிறான். அதற்குள் நீ ஒருமுறை அவனுடன் பேசு.

அன்புடன்,
முருகேசன்