யன்னலைத் திறந்து வை

திருகோணமலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

நீ அனுப்பிய படம் வந்து இன்றோடு 18 நாள். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. வேலை கூடவாக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் எழுதினால் பெருவிரலைக் காட்டிவிட்டு விட்டுவிடுவாய். அதனால்தான் பழையபடி தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன்.

நீ செய்கிற சின்ன ஹரிக்கேன் விமானம் அந்தமாதிரி வந்திருக்கிறது, தம்பி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் விரித்து விரித்து ஒரு மணித்தியாலம் பார்த்தேன். 1/48 அளவு என்றால் 12.2 மீட்டர் சிறகு உன் மேசையில் 25 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். அடிமட்டத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து அவ்வளவையும் அளந்து பார்த்தேன். அந்த இடத்துக்குள்ளா இவ்வளவு வேலையும் செய்திருக்கிறாய்! பச்சையும் மண்ணிறமும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. விமானி இருக்கும் கூட்டின் மேல் மஞ்சள் நாடாவை இன்னும் கழற்றவில்லை போல. பின்னுடலில் விலா எலும்பு மாதிரி வரி வரியாகத் தெரிவதையும் கண்டேன். ஹரிக்கேனின் பின்பக்கம் தகரமில்லை, உருக்குக் குழாயும் மரச் சட்டமும் வைத்து மேலே இழுத்துப் போர்த்திய துணி என்று நீ முன்பு சொல்லியிருக்கிறாய். துவக்குச் சூடு பட்டால் துணியைத் துளைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் போய்விடுமாம், ஒரு துண்டை ஒட்டிவிட்டு அடுத்த நாள் பறக்கலாமாம். அதை நீ சொன்னபோது நான் ஓம் ஓம் என்று கேட்டேனே தவிர, மனதில் வாங்கவில்லை என்று நினைத்திருப்பாய். வாங்கியிருக்கிறேன்.

முன்வீட்டு மாஸ்ரருக்குக் காட்டினேன். “கையால் பூசினதோ?” என்று இரண்டு தரம் கேட்டார். என் மகன் செய்தது என்று சொன்னேன்.

பெயின்ற் விசிறும்போது யன்னலைத் திறந்து வைக்கிறாயா? படத்தில் பூட்டியிருக்கிறது. அங்கே குளிர் என்று தெரியும். ஆனால் தின்னர் மணம் நெஞ்சுக்குக் கூடாது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வெறும் துணி முகமூடி அதற்குக் காணாது, கரி வடிகட்டி பூட்டிய முகமூடி கடையில் இருக்கும், அதை வாங்கிப் போடு. பூசி முடிந்த உடனேயே யன்னலைப் பூட்டாதே. காயும்போதும் மணம் வரும்.

இன்னொன்று. படத்தில் உன் சுவர் மணிக்கூடு 3:10 காட்டுகிறது. யன்னலுக்கு வெளியே இருட்டு. மாரியில் லண்டனில் வெள்ளென இருட்டிவிடும் என்று சொல்லியிருக்கிறாய், ஆனால் பின்னேரம் மூன்று மணிக்கு அப்படி இருட்டாது. உன் படம் என் போனுக்கு வந்தது காலை எட்டே முக்காலுக்கு. ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்துப் பார்த்தேன். விடியப்புறம் மூன்றேகால் வருகிறது. அந்த நேரத்தில் விமானத்துக்குப் பெயின்ற் பூச என்ன அவசரம்? நித்திரை வரவில்லையா? நித்திரைக் குளிசை எதுவும் எடுக்காதே. இரவில் கோப்பி குடிக்காதே. மேசையில் ஒரு கோப்பைதான் இருந்தது, அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

மேசையில் இப்போது இடம் தாராளமாக இருக்கிறது. முந்தின படங்களில் வலது பக்கம் மருமகளின் தையல் மெசின் நிற்கும், நீ இடது மூலையில் ஒடுங்கியிருந்து செய்வாய். இந்தப் படத்தில் மெசின் நின்ற இடத்தில் புரொப்பெல்லர் காய்கிறது. மெசினைத் திருத்தக் கொடுத்தீர்களா? அது நல்ல மெசின். அம்மா சீட்டுக்காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது.

அம்மா இருந்திருந்தால் இவ்வளவு எழுதவேண்டி வந்திராது. நேராகவே கேட்டிருப்பா.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அக்கா பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனா. பின் தாழ்வாரத்து ஓடு மாற்றியாயிற்று. முழங்கால் முந்தின மாதிரித்தான். குஞ்சம்மாவின் விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். நான் அதற்குள் தலையிடவில்லை.

உன் விமானத்தை இங்கே சீனன்குடா விமானத்தளத்தில் நின்ற ஹரிக்கேனாகச் செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு அப்பப்பாவின் நினைவு வந்துவிட்டது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான்காரன் வந்தபோது அவர் டொக்யாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். வானம் நிறைய இலையான் மொய்த்த மாதிரி என்று சொல்லுவார். அதில் ஒன்று எண்ணெய்க் குதத்தில் போய் விழுந்தது. கறுத்தப் புகை நாள்கணக்காக நின்றதாம். ஊரில் பாதிச் சனம் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. பிரிட்டிஷ்காரரின் 261ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்கள் சீனன்குடாவிலிருந்து எழும்பின, அதில் பாதியளவு திரும்பி வரவில்லை. முதல்நாள் இரவு துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்ட அவர்களின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் ஜப்பான்காரர் அன்றே தாழ்த்தினார்கள். 300 பேருக்கு மேல் அதில் செத்துப்போனார்கள். அந்த ஹரிக்கேன் விமானிகள் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளாக்கும். அவர்களுடைய தாய் தகப்பனுக்கும் யாராவது கடிதம் எழுதியிருப்பார்கள்.

வட்டச் சின்னம் ஒட்டும்போது கவனம். ஆசியாவில் பறந்த விமானங்களில் நடுவிலுள்ள சிவப்பைப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டம் என்று தங்கள் ஆளையே சுட்டுவிடக்கூடாது என்பதற்காக. ஆனால் நீ செய்வது 1942 ஏப்ரல். அப்போது சிவப்பு இருந்தது. ஆகவே சிவப்பு உள்ளதையே ஒட்டு. உனக்கு இது தெரியும். எங்கே படித்தேன் என்று நீ யோசிப்பாய். நீ செய்யத் தொடங்கிய நாளிலிருந்து நானும் இங்கே நூலகத்திலும் போனிலும் தேடித் தேடிப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்பதை எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். மூன்று பக்கம் வேறு வேறு கதையாகப் போய்விட்டது.

நான் லண்டனுக்கு வந்தபோது உன் அலுமாரி நிறைய விமானங்கள் இருந்தன. ஸ்பிற்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிற், சீரோ. நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் பார்த்து இருக்கவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஹென்டனில் உள்ள விமானப்படை நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். உண்மையான ஹரிக்கேன் உள்ளே நிற்கிறது அப்பா, வாங்கோ என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கையைப் பிடித்தாய். முழங்கால் நோகிறது என்று சொல்லி வெளியே வாங்கிலில் இருந்துவிட்டேன். அன்றைக்கு முழங்காலில் ஒரு நோவும் இல்லை. நீ மருமகளோடு உள்ளே போய்க் கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டாய். உன் முகத்தை நான் கண்டேன்.

1990, அம்மாவின் ஊரில் நாங்கள் நின்ற வருடம். உனக்கு ஏழு வயது. முள்முருக்குத் தடியைச் சீவி உடலாக்கி, சவர்க்காரப் பெட்டி மட்டையில் சிறகு வெட்டி, விளாம்பிசினால் ஒட்டி ஒரு விமானம் செய்து வைத்திருந்தாய். சத்தத்தை வைத்தே பொம்மர் வருகிறதா, சகடைப் பிளேன் வருகிறதா, ஹெலி வருகிறதா என்று பெரியாட்களுக்கு முதல் நீ சொல்லிவிடுவாய். அன்றைக்கும் நீதான் “பொம்மர்” என்று சொன்னாய். மாமரத்தடியில் ‘ட’ வடிவில் வெட்டிப் பனங்குற்றி அடுக்கின பங்கர். அது உனக்கு நினைவிருக்கும்.

தம்பி கிணற்றடியில் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றான், நான் தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்டும் வரவில்லை என்று இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். உன் கலியாண வீட்டிலும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நான் கூப்பிடவில்லை, தம்பி. சத்தம் கேட்டதும் உனக்குப் பக்கத்தில் நின்ற நான் உன்னைத் தாண்டி ஓடிப்போய்ப் பங்கருக்குள் குதித்தேன். இரண்டு எட்டு வைத்திருந்தால் உன் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. உள்ளே இருந்து எட்டிப் பார்த்தபோது நீ வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மேலே அது சரியும்போது நீயும் உன் கையிலிருந்த விமானத்தை அதே பக்கம் சரித்தாய். அது திரும்பும்போது நீயும் திருப்பினாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாய் திறக்கவில்லை, வெளியே வரவுமில்லை. அம்மாதான் குசினியிலிருந்து பிட்டு மா ஒட்டிய கையோடு ஓடி வந்து உன்னை இழுத்துக்கொண்டு வந்து விழுந்தா. குண்டு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் விழுந்தது.

அன்று பின்னேரம் உன் விமானத்தைப் பிடுங்கிக் காலால் மிதித்தேன். “இதாலேதான் நீ வெளியே நின்றாய்” என்று ஏசினேன். நீ அழவில்லை. மட்டைச் சிறகுகளைப் பொறுக்கி மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாய். அம்மா எல்லாவற்றையும் கண்டவ. நான் கத்திக் கூப்பிட்டேன் என்று மற்றவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. ஒரு நாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. உனக்கு நினைவிருக்கிறதா, நான் உன்னைக் கடந்து ஓடினது? நினைவிருந்துகொண்டுதான் கலியாண வீட்டில் சிரித்தாயா? அன்றிலிருந்து உன் விமானம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கிணற்றடிதான். வளர்ந்த பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு என்று அம்மாவிடம் நான் குறை சொன்னதும் அதனால்தான். விளையாட்டு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை.

மற்ற விஷயத்தையும் நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல். மருமகள் எங்கே இருந்தாலும் அவவுக்கும் என் அன்பைச் சொல்லு. அவவின் பிறந்தநாள் அடுத்த மாதம் வருகிறது, நான் மறக்கவில்லை.

விடியப்புறம் மூன்று மணிக்கு முழித்திருந்தால் எனக்கு எடு. இங்கே எட்டரை மணி. தேத்தண்ணி குடித்துவிட்டு முன் விறாந்தையில்தான் இருப்பேன். ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ உன் வேலையைச் செய். புரொப்பெல்லர் நுனிக்கு மஞ்சள் பூச மறந்துவிடாதே. கறுப்பு நன்றாகக் காய்ந்த பிறகு பூசு.

முடிந்ததும் படம் அனுப்பு. பகலில் எடு. யன்னலும் தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
அப்பா