கயலுக்கு, மெத்தை விஷயமாக

போடிநாயக்கனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கயல் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இடுப்பு வலிக்கிறது, மெத்தை மேல் விரிக்கிற மெல்லிய மெத்தை, அதுதான் மெமரி ஃபோம் டாப்பர், வாங்கலாமா என்று போனில் கேட்டாய். கடையில் ஆள் நின்றதால் அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குள் நீ அம்மாவைக் கூப்பிட்டு, "இலவம்பஞ்சுக் கடைக்காரர் மகள் ஃபோம் கேட்டதில் அப்பாவுக்குக் கோபமா?" என்று கேட்டாயாம். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை தாயி. நம் கடையிலேயே இப்போது பாதி இடம் ஃபோமுக்குத்தான். வாயால் சொன்னால் பாதி மறந்துவிடும், எழுதிக் கொடுத்தால் கடைக்குக் கையோடு எடுத்துப் போவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்கும் முன்னே நானே சொல்லிவிடுகிறேன்: உன் வீட்டுக்கு இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத்துப் பஞ்சில் எனக்கு என்ன குறை? இழைக்குள்ளே வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு. எடை இல்லை, தண்ணீரை லேசில் குடிக்காது. ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காக்கும் சட்டைக்குள் அடைத்ததே இந்தப் பஞ்சைத்தான். சூடும் ஏறாது. ஆனால் அதற்கு வெயில் வேண்டும், மொட்டை மாடி வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, உதறி, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்து, திரும்ப அடைத்துத் தைக்க ஆள் வேண்டும். சென்னையில் ஐந்தாவது மாடியில், மொட்டை மாடிச் சாவி அசோசியேஷன்காரர் கையில் இருக்கிற வீட்டில், கடல் ஈரத்தில் அது ஒரே வருஷத்தில் கட்டி தட்டிப்போகும். பஞ்சையும் கெடுத்து உன் முதுகையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி டாப்பர். டாப்பர் என்பது கடினமான மெத்தையை இளக்கித் தரும். பள்ளம் விழுந்த மெத்தையைத் தூக்கி நிறுத்தாது. விளம்பரத்தில் இந்த ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். பள்ளத்தின் மேல் விரித்தால் டாப்பரும் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிப் படுத்துக்கொள்ளும், காசு போனதுதான் மிச்சம். அதனால் ஆர்டர் போடும் முன் ஒரு காரியம் செய். விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு நூலை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கும் மெத்தைக்கும் நடுவில் மாப்பிள்ளை படுக்கிற இடத்தில் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்துப் பார். ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் டாப்பரை மறந்துவிடு, மெத்தையையே மாற்ற வேண்டும். கையோடு மெத்தையைத் தூக்கிக் கட்டிலையும் பார்த்துவிடு. அது வீட்டுக்காரர் கட்டில். சட்டங்களுக்கு இடையில் மூன்று அங்குலத்துக்கு மேல் சந்து இருந்தாலோ, நடுவில் தாங்குகால் இல்லாமல் ப்ளைவுட் தொய்ந்திருந்தாலோ மெத்தை மேல் பழி போடாதே. ப்ளைவுட் மாற்றத் தச்சருக்குக் கொடுக்கும் கூலி, மெத்தை விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் பள்ளம் இருக்காது என்றே தோன்றுகிறது. கல்யாணத்தின்போது வாங்கியது ரீபாண்டட் ஃபோம். ஃபோம் வெட்டும்போது விழுகிற துண்டுதுணுக்குகளை அரைத்து, பசை போட்டு அழுத்திய சரக்கு. பலகை மாதிரி இருக்கும், சீக்கிரம் அமுங்காது. அதன் மேல் 'ஆர்த்தோ' என்று ஒட்டியிருப்பார்கள். அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், எந்த டாக்டரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. முதுகுவலிக்குக் கட்டாந்தரை மாதிரி கெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை. கடைக்கு வருகிற எலும்பு டாக்டர் ஒருவரே அப்படி இல்லை என்று சொன்னார். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரைப் பிரித்து, பாதிப் பேரை ரொம்பக் கெட்டியான மெத்தையிலும் பாதிப் பேரை நடுத்தரக் கெட்டியிலும் 90 நாள் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்ததாம். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

உன் கதையும் அதுதான். நீ சின்ன வயதிலிருந்தே ஒருக்களித்துப் படுக்கிறவள். ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இறங்க இடம் கொடுக்காத மெத்தையில் தோள் மரத்துப்போகும், இடுப்பு வளைந்து தொங்கும். மாப்பிள்ளை மல்லாக்கப் படுப்பார், எடையும் உன்னைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். அவருக்கு இந்த மெத்தை ஒரு தொந்தரவும் தராது. அதனால்தான் "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்கிறார். அவரிடம் சண்டை போடாதே, அவர் சொல்வதும் உண்மைதான். இரண்டு அங்குல டாப்பர் இரண்டு பேருக்கும் சரிப்படும். உன் எடைக்கு அது முழுக்க அமுங்காமல் உன்னைத் தாங்கும்; அவர் பாரத்துக்கு அது நன்றாக அமுங்கி, அடியில் உள்ள கெட்டி அவருக்குத் தட்டுப்படும். நாலு அங்குலம் வாங்கினால் அவர் புதைந்துபோவார், புரண்டு படுப்பதே பாடாகிவிடும்.

எதில் டாப்பர் என்பதற்கு வருகிறேன். மெமரி ஃபோம் என்றதும் விண்வெளி வீரர் படத்தைப் போட்டு விலையை ஏற்றுகிறார்கள். 1966-இல் அமெரிக்காவில் சார்லஸ் யோஸ்ட் என்பவர் நாசாவுக்காகச் செய்தது உண்மை. ஆனால் செய்தது விமான இருக்கைக்கு. மெத்தையாக ஸ்வீடன்காரர்கள் கடைக்குக் கொண்டுவந்தது 1991-இல். பிசைந்து வைத்த பரோட்டா மாவில் விரல் வைத்தால் குழி மெதுவாக மேலே வருமே, அந்தக் குணம்தான் இதற்கும். உடம்புச் சூடு பட்டதும் இளகி, உடம்பின் வளைவுக்கு இடம் கொடுக்கும். பக்கத்தில் ஒருவர் எழுந்தால் மற்றவருக்கு அசைவு தெரியாது. ராத்திரி குட்டிக்காக நீ எழுந்திருக்கிறாய், மாப்பிள்ளை தூக்கம் கெடாது. (அவர் தூக்கம் இடி விழுந்தாலும் கெடாது என்கிறாள் உன் அம்மா.)

சூடு பட்டால் இளகுவதுதான் இதன் குறையும். உடம்பை ஒட்டிப் பிடிப்பதால் முதுகுப் பக்கம் காற்று போக வழி இல்லை. ஏசியைக் குளிராக வைத்தால் படுத்த கொஞ்ச நேரம் விறைப்பாக இருக்கும். நடுராத்திரி கரண்ட் போனால் இளகி, வேர்த்துக்கொட்டும். கூலிங் ஜெல் கலந்தது என்பார்கள். தொட்டவுடன் சில்லென்று இருக்கும், அதுவும் சூட்டை வாங்கி நிரம்பியபின் மற்ற ஃபோம் மாதிரிதான். சித்திரை, வைகாசியில் சென்னையில் ராத்திரி முழுக்க ஏசி போட மாட்டோம் என்று நீ சொன்னதால், என் கணக்கு இதுதான்: மெமரி ஃபோமை விட்டுவிட்டு இயற்கை லேடக்ஸில் இரண்டு அங்குலம் வாங்கு. ரப்பர் பாலில் செய்வது. வார்க்கும் அச்சிலேயே ஊசிகள் இருப்பதால் நெடுக ஓட்டை ஓட்டையாக இருக்கும், காற்று ஓடும். அமுக்கினால் உடனே எழும்பும், புரண்டு படுக்கச் சுலபம். விலை கூடத்தான், எடையும் கூட. ஆனாலும் நாள்பட உழைக்கும். உங்களில் யாருக்காவது ரப்பர் ஒவ்வாமை இருந்தால் மட்டும் இதன் பக்கம் போகாதே.

இல்லை, மெமரி ஃபோம்தான் வேண்டும் என்று மனது சொன்னால் வாங்கு, தடுக்கவில்லை. டென்சிட்டி கேட்டு வாங்கு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் டென்சிட்டி. மெமரி ஃபோமில் 50, அதற்கு மேல் இருந்தால் நல்லது. 40-க்குக் கீழே போனால் சீக்கிரம் சப்பையாகும். ரீபாண்டட்டில் 100 என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதைவிட இது மட்டம் என்று எண்ணாதே. ஒரே ரகத்துக்குள் மட்டும்தான் இந்த எண்ணை ஒப்பிட வேண்டும். பல பேர் டென்சிட்டியை எழுதவே மாட்டார்கள், எடையை எழுதியிருப்பார்கள். அது போதும் நமக்கு. 78-க்கு 60 அங்குலத்தில், இரண்டு அங்குல கனமுள்ள டாப்பர் 50 டென்சிட்டியில் கிட்டத்தட்ட ஏழேமுக்கால் கிலோ இருக்க வேண்டும், கவர் எடை தனி. ஐந்து கிலோதான் என்றால் உள்ளே இருப்பது முப்பத்துச் சொச்சம் டென்சிட்டி. கடைக்காரன் மகள் தராசை நம்பினால் போதும்.

கடையில் யாராவது டாப்பரை விட்டுவிட்டு முழு மெமரி ஃபோம் மெத்தையே வாங்குங்கள் என்று பிடிப்பார்கள். ஜிப்பைத் திறந்து காட்டச் சொல். மேலே ஒரு அங்குலமோ இரண்டோ மெமரி, கீழே சாதாரண பி.யு. (பாலியூரிதேன்) ஃபோம். அப்படிச் செய்வது ஏமாற்று இல்லை, மெமரி மட்டும் போட்டால் ஆளைத் தாங்காது. ஆனால் காசு எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். கையால் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதே. செருப்பைக் கழற்றிவிட்டு, நீ தூங்குகிற மாதிரியே ஒருக்களித்து ஒரு பத்துப் பதினைந்து நிமிஷம் படு. வெட்கப்பட ஒன்றும் இல்லை, நம் கடையில் எத்தனை பேர் குறட்டையே விட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையைப் பின்னால் நின்று பார்க்கச் சொல். பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகுத்தண்டு ஒரே கோடாக நின்றால் சரியான மெத்தை.

ஆன்லைனில் வாங்கினால் காற்றை உறிஞ்சிச் சுருட்டி அனுப்புவார்கள். பிரித்ததும் மெலிசாக இருக்கிறதே என்று பயப்படாதே, ஒன்றிரண்டு நாளில் எழும்பும். வாடை வரும், ஜன்னலைத் திறந்துவைத்து அது போனபின் படுங்கள். நூறு நாள் படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்பது பல இடங்களில் மெத்தைக்கு மட்டும்தான், டாப்பருக்கு உண்டா என்று பார்த்துக்கொள். வாரண்டியிலும் கறை பட்டால் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். ஏழு மாசக் குழந்தை இருக்கிற வீட்டில் அந்த வரி ரொம்ப முக்கியம். டாப்பர் வாங்கும்போதே நனையாத புரொடெக்டரும் சேர்த்து வாங்கிவிடு. ஃபோமைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. நம் வீட்டுப் பழக்கத்தில் வெயிலிலும் போட்டுவிடாதே, மஞ்சளாகிப் பொடியாக உதிரும். லேடக்ஸுக்கும் வெயில் ஆகாது.

குட்டியைப் பற்றித் தனியாக. டாப்பர் போட்ட படுக்கையில் அவளைப் படுக்கவைக்காதே, மெமரியானாலும் லேடக்ஸானாலும். கைக்குழந்தை குப்புற விழுந்தால் முகம் புதையாத கெட்டியான, சமதளமான படுக்கை வேண்டும். தொட்டிலில் மெல்லிய கெட்டி மெத்தை போதும். அம்மா தைத்துக் கொடுத்த குட்டித் தலையணையையும் ஒரு வயது முடிகிற வரை தொட்டிலில் வைக்காமல் அலமாரியில் எடுத்து வை. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ, எழுந்து நடமாடியும் குறையாவிட்டாலோ மெத்தைக் கடைக்குப் போகாதே, டாக்டரிடம் போ. குழந்தையை மடியில் போட்டுக் குனிந்தே உட்கார்கிறவளுக்கு இடுப்பு வலிப்பது எல்லாமே மெத்தையால் என்று சொல்ல முடியாது. பால் கொடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஏதாவது வைத்துச் சாய்ந்து உட்கார்.

இங்கிருந்து நான் அனுப்புவது தலையணை இரண்டுதான், அதில் மட்டும் இலவம்பஞ்சை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருக்களித்துப் படுத்தால் காதுக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும், அதனால் உனக்குக் கொஞ்சம் கூடுதலாக அடைத்திருக்கிறேன். நீலக் கோடு போட்டது உன்னுடையது. மாப்பிள்ளைக்கு மல்லாக்கப் படுக்கத் தாழ்வாக, சிவப்புக் கோடு. மாற்றி வைத்துவிட்டு இரண்டு பேரும் கழுத்து வலி என்று போன் பண்ணாதீர்கள். நாளைக்கு பஸ் பார்சலில் போடுகிறேன், ரசீதை மாப்பிள்ளை போனுக்கு அனுப்புகிறேன்.

நூல் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்குச் சொல். கட்டிலின் உள்பக்க நீளம் அகலத்தையும் இன்ச் டேப்பில் எடுத்து அனுப்பு. பழைய மெத்தைச் சீட்டைப் பார்த்து எழுதாதே. தச்சர் செய்த கட்டில் 78 இருக்கும் என்று நினைப்போம், 75-ஆக இருக்கும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பார்சலில் தலையணைக்கு நடுவில் ஏலக்காய் அரைக் கிலோ அம்மா வைத்திருக்கிறாள். தலையணையைத் தட்டிப் போடும் முன் அதை எடுத்துவிடு.