செயலாளரின் ஆண்டறிக்கை: நினைவு நாணயங்களின் ஆண்டைப் பட்டியலில் பதியும் முறை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, பினாங்கின் பல பகுதிகளிலிருந்தும் வந்திருக்கும் நம் நாணயச் சேகரிப்பாளர் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர்களிடம் உள்ள நினைவு நாணயங்களை ஒரே முறையில் பட்டியலிட வேண்டும் என்று சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் தீர்மானித்து, அப்பொறுப்பைச் செயலவையிடம் ஒப்படைத்தது. மாதக் கூட்டங்களும் நாணயப் பரிமாற்ற நிகழ்வும் வழக்கம்போல் நடந்தன. அவற்றை இங்கு விரிக்கத் தேவையில்லை. பட்டியல் பணியில் எடையும் உலோகமும் விட்டமும் எளிதில் முடிந்துவிட, ‘ஆண்டு’ என்ற ஒரே பத்தியே (நெடுவரிசையே) எல்லாருடைய பொறுமையையும் சோதித்ததால், இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதலில் யாருக்கும் இதில் சிக்கல் தெரியவில்லை. 1972 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் மாநகரமாக அறிவிக்கப்பட்டதையொட்டி அதே ஆண்டில் வந்த ஒரு ரிங்கிட் நாணயத்தில், நிகழ்வும் வெளியீடும் ஒரே ஆண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக 1969இல் வெளிவந்த ஒரு ரிங்கிட் நாணயத்தில் வங்கி தொடங்கிய 1959ஆம் ஆண்டும் சேர்ந்துகொள்கிறது என்றாலும், நம்மவர்களுக்கு அந்த வரலாறு தெரிந்திருப்பதால் குழப்பம் எழவில்லை. நமக்குப் பழக்கமான உள்நாட்டு நாணயங்களில் தெரியாத, எந்த ஆண்டைப் பதிவது என்ற இந்தச் சிக்கல், இந்திய நாணயங்களைப் பதியத் தொடங்கியதும் வெளிப்பட்டது.

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு 1969இல் 20 பைசா, 50 பைசா, ஒரு ரூபாய், பத்து ரூபாய் ஆகிய மதிப்புகளில் நாணயங்களை வெளியிட்டது. பாட்டனார் காலத்துப் பெட்டிகளிலிருந்து இவை நம்மில் பலரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு ரூபாயைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அடிகளின் உருவத்தோடு 1869–1948 என்னும் இரண்டு ஆண்டுகளே தென்படும். மறுபக்கத்தில் சிங்க முத்திரையும் மதிப்பும் உண்டு. 1969 என்ற எண் நாணயத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. பொறிக்கப்பட்டவை பிறப்பும் மறைவும் என்று அறியாதவர், இரண்டாவதாக உள்ள எண்ணை நாணயத்தின் ஆண்டாகக் கொண்டு 1948 என்று எழுதிவிடுவார். உறுப்பினர்கள் தந்த தாள்களில் இதே நாணயம் 1869, 1948, 1969 என மூன்று விதமாகப் பதிவாகியிருந்தது. ‘1948, கிடைத்தற்கரியது’ என்று அட்டையில் எழுதி வைத்திருந்த வியாபாரி ஒருவரிடம் நம் உறுப்பினர் ஒருவர் இதை நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறார் என்பதையும் இங்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியீட்டு ஆண்டை மட்டும் எழுதினால் போதுமே என்று உறுப்பினர் சிலர் வாதிட்டனர். சுருக்கமான வழிதான், ஆனால் அமெரிக்க நாணயங்கள் அதற்கு இடம் தருவதில்லை. அந்நாட்டு விடுதலையின் இருநூறாம் ஆண்டுக்காக 1776–1976 என்று பொறித்த கால் டாலர், அரை டாலர், ஒரு டாலர் நாணயங்கள் 1975லேயே அச்சடிக்கப்பட்டுப் புழக்கத்துக்கும் வந்துவிட்டன. 1975 என்ற ஆண்டைத் தாங்கிய கால் டாலரே கிடையாது. வெளியீட்டு ஆண்டை மட்டும் கொண்டால், இல்லாத ஒரு நாணயத்தை நம் பட்டியல் உண்டாக்கிவிடும். அமெரிக்க விடுதலைப் போரில் உதவிய பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் நினைவாக வந்த டாலரின் கதை இதைவிட விசித்திரமானது: அதில் பாரிஸ் என்பதோடு 1900 என்று இருக்கிறது, ஆனால் நாணயங்கள் அச்சாகியதோ 1899 டிசம்பர் 14ஆம் நாள். பொறிப்பில் உள்ள ஆண்டு, பாரிஸில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்ட ஆண்டையே குறிக்கிறது.

ஆகவே செயலவை எடுத்த முடிவு இதுதான். நாணயத்தில் கண்ணால் காணும் ஆண்டை, இரண்டு இருந்தால் இரண்டையும், உள்ளபடியே முதல் பத்தியில் எழுத வேண்டும்; எதுவும் பொறிக்கப்படாவிட்டாலோ, பொறிக்கப்பட்டது வாழ்நாளை மட்டும் குறித்தாலோ, ‘ஆண்டற்றது’ என எழுதி, வெளியான ஆண்டைப் பகர அடைப்புக்குள் இட வேண்டும். நினைவுகூரப்படும் நிகழ்வின் ஆண்டுக்கும் வெளியீட்டு நாளுக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. அச்சடித்த ஆண்டு, நாணயச்சாலையின் பதிவோ மத்திய வங்கியின் அறிவிப்போ சான்றாக இருந்தால் மட்டுமே எழுதப்படும். ஊகத்துக்கு அங்கு இடமில்லை, வெற்றிடம் இருப்பதில் வெட்கமும் இல்லை. இதன்படி காந்தி ரூபாய், பொறிப்பு 1869–1948, ஆண்டற்றது [1969] என்று பதிவாகும்.

ஹாட்யாய் சென்று வருவோர் கொண்டுவரும் தாய்லாந்து நாணயங்களில் புத்த ஆண்டே இருக்கும். மன்னர் பூமிபோலின் பொன்விழா நாணயத்திலுள்ள 2539இலிருந்து 543ஐக் கழித்தால் 1996 வரும். 1941க்கு முன் அந்நாட்டில் ஆண்டு ஏப்ரலில் பிறந்ததால், பழைய நாணயங்களுக்கு இக்கழித்தல் முழுமையாகப் பொருந்தாது. நினைவு நாணயமல்லாத, கிளந்தான் மாநிலத்தின் பழைய காசான பித்திஸையும் சில உறுப்பினர்கள் பட்டியலில் சேர்த்திருந்தனர். அதிலுள்ள ஜாவி எழுத்து (மலாய்மொழியை எழுதும் அரபு வடிவ எழுத்து) வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்களை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும் என்பதை மறந்து, இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி 1321 என்பதை 1231 என்று எழுதியவரும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவதால் அது 1903–1904 என இரு ஆண்டுகளில் விரியும். ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமையில்லை.

கணினியில் பதிவோர்க்கு ஓர் வேண்டுகோள். எக்செலில் ஆண்டுப் பத்திகளை எழுத்து வடிவில் வைத்துக்கொள்ளவும். அச்செயலியின் தேதிக் கணக்கு 1900இல்தான் தொடங்குகிறது என்பதால், நம் பினாங்கின் 1787ஆம் ஆண்டுச் செப்புக் காசுகள் அதற்குள் அடங்கா. 1-2-1972 என்று எழுதினால், அமெரிக்க முறையில் அமைந்த கணினி அதை ஜனவரி 2 எனக் கொள்ளும். மாதத்தைப் பெயரால் எழுதுவதே பாதுகாப்பு. வரிசைப்படுத்த வெளியீட்டு நாள் பத்தியைப் பயன்படுத்தவும். இல்லையெனில் 1776–1976 நாணயம், அமெரிக்காவின் நாணயச்சாலை 1792இல் நிறுவப்படுமுன்னே பட்டியலின் தலையில் போய் நிற்கும்.

கணக்காய்வாளர் சரிபார்த்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். புதிய பத்திகளுடன் கூடிய தாள்கள் வாசலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. தாள்களை நிரப்பும்போது முதலில் நாணயத்தைப் பார்த்தும் பிறகே நூல்களைப் புரட்டியும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே தாள் தந்தவர்கள், தங்கள் காந்தி நாணயங்களையும் தாய்லாந்து நாணயங்களையும் மட்டும் மறுபடியும் பதிந்து தந்தால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்