அச்சுக்குக் கொடுத்தது எத்தனை, வெளிவந்தது எத்தனை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுபவன் நான். மார்ச் 31-இல் நிதியாண்டு முடிந்ததும், எங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள ஒவ்வொரு பார்ட்டிக்கும் பேரேட்டு நகலையும் நிலுவை உறுதிக் கடிதத்தையும் அனுப்பி, அவர்கள் கையொப்பமிட்டுத் திருப்பியதை ஆடிட்டரிடம் ஒப்படைப்பது வழக்கம். இந்த வேலை முழுவதையும் ஒரே பொத்தானில் முடித்துத் தருவதாகச் சொல்லித்தான் கணக்கு மென்பொருள்களை விற்கிறார்கள். முடித்துத் தருவதும் உண்மையே. ஆனால் எத்தனை முடிந்தன, எவை விடுபட்டன என்பதை மட்டும் அவை சொல்வதே இல்லை.

இவ்வாண்டு 312 பார்ட்டிகளைத் தேர்வு செய்து, ஆளுக்கொரு பிடிஎஃப் கோப்பாக எடுக்கக் கட்டளை கொடுத்தேன். சிறிது நேரத்தில் 'பணி நிறைவடைந்தது' என்று திரையில் வந்தது. ஏதோ ஒரு சந்தேகத்தில் எண்ணிப் பார்த்தால் 297 கோப்புகளே இருந்தன. விடுபட்டவை யார் யார் என்று பட்டியலோடு ஒப்பிட்டுத் தேடுவதற்குள் ஒரு பகல் போய்விட்டது. அவற்றில் பதினொன்றில், பெயருக்கு முன்னால் 'எம்/எஸ்' என்று சாய்கோட்டோடு பதிந்து வைத்திருந்தோம். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடு வரக்கூடாது என்பதால், மென்பொருள் அவர்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. மற்ற நான்கும் வேறு ஊர்க் கடைகளோடு பெயர் ஒத்துப்போனவை. பின்னால் வந்த கோப்பு, அதே பெயரில் முன்பே இருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஜிஎஸ்டி விதி 46, பில் எண்ணில் சாய்கோடு இடுவதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. அப்படியிருக்க, இந்த நாட்டு வியாபாரிகளுக்கென்றே மென்பொருள் எழுதுபவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை என்பதை நம்புவது கடினம்.

காகிதத்தில் எடுத்தாலும் நிம்மதி இல்லை. தாளை மிச்சப்படுத்த இருபக்க அச்சைத் தேர்ந்தெடுத்தால், மூன்று பக்கக் கணக்குள்ள ஒருவரின் கடைசித் தாளுக்குப் பின்புறத்தில் அடுத்தவரின் முதல் பக்கம் வந்து விழுகிறது. சென்ற ஆண்டு அதைக் கவனிக்காமல் உறையிலிட்டு ஒட்டிவிட்டோம். ஒரு வியாபாரியின் பாக்கி விவரம் அவருக்குப் போட்டியாகக் கடை நடத்துபவரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. முதலாளி நேரில் போய்ப் பேச வேண்டியதாயிற்று. பக்க எண்ணும் ஆளுக்கு ஆள் ஒன்றிலிருந்து தொடங்காமல் ஓடிக்கொண்டே போவதால், இரண்டே பக்கக் கணக்குள்ளவருக்குப் 'பக்கம் 604' என்று அச்சாகிறது.

அறிக்கையை எக்செலுக்கு எடுப்பது இன்னொரு தலைவலி. (எங்கள் மென்பொருளின் தமிழ்ப் பட்டியலில் இதற்கு 'ஏற்றுமதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மஞ்சளை உண்மையாகவே ஏற்றுமதி செய்கிற அலுவலகத்தில் இது உண்டாக்கும் குழப்பத்தைச் சொல்லி முடியாது.) ஜிஎஸ்டியில் பொருள்களை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீடு மஞ்சளுக்கு 0910 என்று தொடங்கும். காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, அதாவது சிஎஸ்வியாக எடுத்து எக்செலில் திறந்தால் முன்னால் உள்ள சுழியம் உதிர்ந்து 910 ஆகிவிடுகிறது. வங்கிக் கணக்கு எண் 15 இலக்கத்தைத் தாண்டினால் அதற்கு மேற்பட்டவை சுழியமாக மாறிவிடும். அந்த எண்ணை நம்பிப் பணம் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு மண்டிக் கணக்காளரின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கொரோனா தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். ஆய்வக முடிவுகளை 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாத பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியதும், மிஞ்சியவை விடுபட்டதை அது யாருக்கும் சொல்லாததுமே காரணம். அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது.

மென்பொருள் நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய அம்சம் எதுவுமில்லை. தபால் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, போனது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை என்று பழைய குமாஸ்தாக்கள் எழுதி வைத்ததைத்தான் கேட்கிறேன். மொத்தமாக அச்சிட்டாலும் கோப்புகளாக எடுத்தாலும், கேட்டவை இத்தனை, வந்தவை இத்தனை, வராதவை இன்னின்ன, காரணம் இது என்று இறுதியில் ஒரு தாள் வரவேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழி வேண்டும். கோப்பின் பெயரில் பார்ட்டியின் கணக்குக் குறியீட்டையும் சேர்த்துவிட்டால் ஒன்றை மற்றொன்று அழிக்காது. ஒவ்வொருவருடைய கணக்கும் புதிய தாளில், பக்கம் 1 என்று தொடங்க வேண்டும்.

ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கப் பணம் கட்டும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விற்பவர் கொண்டுவரும் பத்துப் பெயர் மாதிரிப் பட்டியலில் எல்லாம் அழகாகத்தான் வரும். உங்கள் சொந்தப் பேரேட்டை முழுவதுமாக ஒருமுறை எடுக்கச் சொல்லி, வந்த கோப்புகளை அவர் முன்னிலையிலேயே எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மண்டிக் கணக்காளர் ஒருவர்,
ஈரோடு.