பராங் லா பயணத்துக்குப் பத்து நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கிலிருந்து பராங் லா கணவாயைக் கடந்து லடாக்கின் சோ மொரிரி ஏரிக்குச் செல்லும் நடைப்பயணம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அந்த நிலத்தின் அழகைக் கட்டுரையாளர் குறைவில்லாமல் எழுதியிருக்கிறார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், சென்னையிலிருந்து போய்த் திரும்பப் பத்து நாள் விடுப்பு போதும், உடல் வலுவுள்ள எவரும் போய்வரலாம் என்ற பொருளில் கட்டுரையின் கடைசியில் கட்டம் கட்டி வந்திருந்த குறிப்பைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதை நம்பி ஒருவர் டிக்கெட் எடுத்தால் அவர் உயிருக்கே ஆபத்து வரலாம்.

இந்த வழிக்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறது. நடை தொடங்கும் கிப்பர் கிராமமே சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இரண்டு மூன்று நாள் ஏறி, இடையில் ஓர் ஆழமான ஆற்றுப் பிளவில் இறங்கி மறுபடி ஏறி, கணவாயின் அடியில் உள்ள போரோகென் முகாமை அடைய வேண்டும். பராங் லா சுமார் 5,580 மீட்டர். கடற்கரையில் நமக்குக் கிடைக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் அங்கே இருக்கும். கணவாயின் வடபுறம் பனியாற்றின் மேல் இறங்கினால் பாரே சூ ஆற்றின் பள்ளத்தாக்கு தொடங்கும். அதன் கரையோடு நாள்கணக்கில் நடந்து, நோர்பு சும்தோவில் ஆற்றைக் கடந்து, கியாங்டோம் புல்வெளி வழியாக ஏரியின் தென்முனையை அடைந்து, பிறகு கரையோரமாகவே கார்சோக் கிராமம் வரை போக வேண்டும். மொத்தம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்.

உயரத்தால் வரும் மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான் என்பது மலையில் நடக்கும் எல்லோருக்கும் தெரியும். இமயமலையின் பெரும்பாலான வழிகளில் ஒரு நாள் இறங்கினால் ஆயிரம் மீட்டர் தாழ்ந்துவிடலாம். பராங் லாவைக் கடந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் போய்ச் சேரப்போகும் சோ மொரிரி ஏரியே சுமார் 4,520 மீட்டரில் இருக்கிறது. இடைப்பட்ட பள்ளத்தாக்கு முழுவதும் அதற்கு மேல்தான். ஆற்றோடு கீழ்நோக்கிப் போகலாம் என்றால் திபெத் எல்லை வந்துவிடும். ஆகவே கணவாய்க்கு வடக்கே ஒருவருக்கு நோய் முற்றினால், மறுபடி 5,580 மீட்டருக்கு ஏறித்தான் தாழ்ந்த இடத்துக்கு வர முடியும். இல்லாவிட்டால் அந்த நிலையிலேயே பல நாள் முன்னால் போக வேண்டும். இரண்டுமே கொடுமையான வழிகள். உடலை உயரத்துக்குப் பழக்கும் வேலை முழுவதும் கணவாய்க்கு இந்தப் பக்கம், ஸ்பிட்டியிலேயே, முடிந்திருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பத்து நாள் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

வடபுறத்து முதல் முகாமில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறொரு குழுவில் வந்த இளைஞர் ஒருவர், தினமும் ஓடிப் பழகிய நல்ல உடல்வாகு உள்ளவர், மாலையில் தன் காலணிக் கயிற்றைக் கட்ட முடியாமல் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் வழிகாட்டி அவரை எழுப்பி, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் நிலைக்கு அது தெளிவான அறிகுறி. மூளை வீக்கத்தைத் தணிக்க எங்களிடம் இருந்த டெக்சாமெத்தசோன் ஊசியைப் போட்டு, விடிந்ததும் குதிரைமேல் ஏற்றிக் கணவாய் வழியாகவே திருப்பி அனுப்பினார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் குழுவை அழைத்து வந்த நிறுவனம் எல்லோரையும் மணாலியிலிருந்து ஒரே நாளில் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஜாவுக்குக் கொண்டுவந்து, மறுநாளே கிப்பருக்கு ஏற்றியிருந்தது. விடுப்பு குறைவாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்டதால் அப்படிச் செய்ததாக அவர்களுடைய வழிகாட்டி சொன்னார்.

மணாலி சுமார் 2,050 மீட்டர். காஜா சுமார் 3,700 மீட்டர். மணாலிக்கு வடக்கே மலையைக் குடைந்து அமைத்த அடல் சுரங்கப்பாதை 2020-இல் திறக்கப்பட்ட பிறகு, 4,500 மீட்டருக்கு மேல் உள்ள குன்சும் கணவாயைத் தாண்டி ஒரே பகலில் காஜாவை அடைந்துவிட முடிகிறது. பயணம் எளிதானது உண்மைதான்; உடலுக்குத்தான் அது ஆகாது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின், ஒரு நாள் இரவு உறங்கும் உயரத்துக்கும் மறுநாள் உறங்கும் உயரத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட பொது விதி. பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. உறங்கும் உயரம்தான் கணக்கு.

இந்த விதிக்குப் பொருந்துவது சிம்லா வழிதான். சண்டிகர் வரை விமானத்தில் போய், சிம்லாவில் ஓர் இரவு தங்கி, கின்னோரில் சுமார் 2,900 மீட்டரில் உள்ள கல்பாவில் இரண்டு இரவு, தாபோவில் இரண்டு இரவு, காஜாவில் இரண்டு இரவு, கிப்பரில் குறைந்தது இரண்டு இரவு என்று படிப்படியாக ஏற வேண்டும். இதை வீண் நாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 996-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தாபோ மடாலயத்தின் சுவரோவியங்களைப் பார்க்கவே ஒரு பகல் போதாது. காஜாவில் தங்கும் நாள்களில் லாங்சா, கோமிக் கிராமங்கள் வரை ஏறிப் பார்த்துவிட்டு இரவு கீழே வந்து உறங்கலாம். கிப்பரில் இருக்கும்போது, கணவாயைவிட உயரமான கனாமோ சிகரத்தின் சரிவுகளில் முடிந்த மட்டும் ஏறி இறங்கினால், யாருடைய உடல் ஒத்துழைக்கிறது, யாருடையது மறுக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். தலைவலி தணியாதவர் கிப்பரிலிருந்து வண்டியில் இறங்கிவிடலாம். அந்த வசதி கடைசியாகக் கிடைப்பது அங்கேதான். மழைக்காலத்தில் கின்னோர் சாலையில் மண்சரிவு உண்டு என்பதால் அதற்கும் ஓரிரு நாள் ஒதுக்க வேண்டும். நடை எட்டு நாள், தடை ஏதும் வந்தால் காத்திருக்க இருப்பாக இரண்டு நாள், கார்சோக்கிலிருந்து லே வரை ஒரு நாள் என்று கூட்டினால் மூன்று வாரத்துக்குக் குறையாது. அத்தனை விடுப்பு கிடைக்காதவர்களுக்கு ஸ்பிட்டியிலேயே நல்ல நடைவழிகள் பல இருக்கின்றன.

மலை நோய் வராமல் தடுக்க எடுத்துக்கொள்ளும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றியும் கட்டுரை ஒரு வரி சொல்லியிருந்தது. உடல் பழகுவதை அது விரைவுபடுத்தும் என்பது சரி. ஆனால் ஏறும் வேகத்தைக் கூட்டிக்கொள்ள அது உரிமம் ஆகாது. சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்களும், சர்க்கரை, இதயம், சிறுநீரகம் தொடர்பாகச் சிகிச்சை பெறுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் வகை நோய் இரவில்தான் முற்றும்; சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவதும் வறட்டு இருமலும் அதன் தொடக்கம். சளி பிடித்திருக்கிறது என்று அதை ஒதுக்கிவிடக்கூடாது.

இருப்பு நாள்கள் ஏன் வேண்டும் என்பதை ஆறும் வானமும் சொல்லும். பாரே சூ பனியாற்றிலிருந்து வரும் நீர். காலையில் முழங்கால் அளவு இருப்பது, வெயில் பனியை உருக்கியபின் பிற்பகலில் இடுப்பளவு ஆகிவிடும். நோர்பு சும்தோவில் இன்னொரு ஆறும் வந்து கலக்கிறது. முந்தைய மாலையே கரையில் கூடாரம் போட்டு, விடிந்தவுடன், செருப்போ பழைய காலணியோ அணிந்து, முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கடப்பதே முறை. வெள்ளம் கூடியிருந்தால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். விமான டிக்கெட்டை நினைத்து இறங்கக்கூடாது. இதே பாரே சூதான் திபெத்துக்குள் போய்ச் சுற்றிவிட்டு மறுபடி இமாச்சலத்துக்குள் வந்து, சும்தோ என்ற வேறோர் ஊரின் அருகே ஸ்பிட்டி ஆற்றில் சேர்கிறது. 2004-இல் திபெத் பகுதியில் மலை சரிந்து இந்த ஆற்றை அடைத்து ஏரியாக்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் அது உடைந்து சட்லெஜ் பள்ளத்தாக்கு வரை சேதம் செய்தது.

வானிலையைப் பொறுத்தவரை, ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரையே ஏற்ற காலம். அதற்கு முன் கணவாயில் பனி மிகுந்திருக்கும். வடபுறப் பனியாற்றின் வெடிப்புகள் மூடிக் கிடக்கும். குதிரைகள் ஏறத் தயங்கும். செப்டம்பர் பிற்பகுதியை நம்ப முடியாது. 2018 செப்டம்பரில் லாஹௌல்-ஸ்பிட்டியில் திடீரென்று பெய்த பனியில் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹூட்ஹூட் புயல், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும் பனிப்பொழிவாக மாறி, தோரோங் லா கணவாயிலும் சுற்றுப்புறங்களிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. வங்கக்கடலில் புயல் என்றால் இமயமலைக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் பாதையில் பெங்களூருவிலிருந்து போனவர்கள் இருந்த 22 பேர் குழு மோசமான வானிலையில் சிக்கி 9 பேர் மாண்டார்கள். அந்த வழி பராங் லாவைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்வானது.

ஆபத்து என்றால் ஹெலிகாப்டர் வந்துவிடும் என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. நேபாளத்தில் போலத் தனியார் ஹெலிகாப்டரை உடனே வரவழைக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. மாவட்ட நிர்வாகத்துக்குச் செய்தி போய், அவர்கள் வழியாக ராணுவமோ விமானப்படையோ வர வேண்டும். செய்தி அனுப்புவதே பெரும்பாடு. கிப்பரை விட்டால் கார்சோக் வரை கைப்பேசி எடுக்காது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். வெளிநாட்டில் வாங்கிய கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். ஆகவே, எந்தத் தேதிக்குள் கார்சோக்கில் இருப்போம், அதற்குள் பேசாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதைக் காஜா காவல் நிலையத்திலும் வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது கட்டாயம். காப்பீடு எடுப்பவர்கள் எத்தனை மீட்டர் வரை அது செல்லும் என்ற விதியைப் படிக்க வேண்டும். வனத்துறை அனுமதி, லடாக் நிர்வாகத்தின் கட்டணம் ஆகியவை அவ்வப்போது மாறும். அந்தந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

சமையலையும் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஐயாயிரம் மீட்டரில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, அரிசி அரைவேக்காடாகவே நிற்கும். பசி மந்தமாகும் உயரத்தில் அதை யாரும் சாப்பிட மாட்டார்கள். எரிவாயுக் குப்பிகளை விமானத்தில் எடுத்துப்போக முடியாது என்பதால் எரிபொருளை மேலே போய்த்தான் வாங்க வேண்டும்.

கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இடம்பெறாதவர்கள் கிப்பரின் குதிரைக்காரர்கள். ஸ்பிட்டிக்கும் லடாக்கின் ரூப்ஷு பகுதிக்கும் இடையில் பண்டமாற்று நடந்த பழைய வணிக வழி இது. ஆற்றில் இன்று எந்தக் கிளை ஆழம் குறைவு என்பது நீரின் நிறத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தெரியும். பயணிகள் கார்சோக்கில் வண்டி ஏறிவிடுவார்கள். குதிரைகளோ வந்த வழியே கணவாயைத் தாண்டித் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் நாள்களுக்கும் கூலி கொடுப்பதுதான் அங்குள்ள வழக்கம். விலை குறைவு என்று விளம்பரம் செய்கிறவர்கள் முதலில் கைவைப்பது இந்தக் கூலியில்தான். அடுத்துக் குதிரைகளின் எண்ணிக்கையில். குதிரை குறைந்தால் கூடுதல் கூடாரமும் கூடுதல் உணவும் கீழேயே நின்றுவிடும், அதோடு இருப்பு நாளும் போய்விடும். முன்பணம் கட்டும் முன் எத்தனை குதிரை, திரும்பும் கூலி யார் தருகிறார்கள், ஆக்சிஜன் உருளை உண்டா, ஊசி போடத் தெரிந்தவர் யார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்டால் எரிச்சல்படுகிற ஏற்பாட்டாளரோடு போகாமல் இருப்பதே நல்லது.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரத்தையும், அங்கிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு நேரத்தில் தாழ்ந்த இடத்துக்கு இறங்க முடியும் என்பதையும் ஒரு சிறு அட்டவணையாக அருகில் அச்சிட வேண்டும். அடுத்து, பத்து நாள் போதும் என்ற அந்தக் குறிப்புக்கு அதே இணைப்பில், அதே இடத்தில், கண்ணில் படும் எழுத்தில் திருத்தம் வர வேண்டும். வரும் ஜூலைக்கான குழுக்களை ஏற்பாட்டாளர்கள் மாதங்களுக்கு முன்பே சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், தாமதிக்காமல் அடுத்த ஞாயிறே அதை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலைநடையில் ஈடுபாடுள்ள வாசகர்,
கோயம்புத்தூர்