உன் நாட்டில் நெல்லை எதில் அளக்கிறார்கள்?

அன்புள்ள தம்பி,

நீ எழுதும் கற்பனை நாட்டு நாவலிலிருந்து அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் வரைபடத்தையும் ஒரே இரவில் படித்துவிட்டேன். மலை, ஆறு, ஏழு தலைமுறை அரசர்கள் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் அந்த நாட்டில் யாரும் எதையும் கையில் எடுப்பதாகத் தெரியவில்லை. "குடிகள் நெல்லை வரியாகக் கட்டினார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். எதை வைத்து அளந்தார்கள்?

எங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்து மரக்கால் ஒன்று கிடக்கிறது. பித்தளைப் பூண் போட்டது, எட்டுப் படி கொள்ளும். விளிம்பில் உள்ளங்கை ஓடி ஓடி வழுவழுவென்று ஆகியிருக்கிறது. அதைத் தூக்கிப் பார்த்தாலே கேள்விகள் வரும். தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா? குவித்தால், மேலே நிற்கும் அந்த இரண்டு கைப்பிடி நெல் யாருக்கு? களத்தில் அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. உன் நாட்டு மக்கள் எந்த எண்ணைச் சொல்லத் தயங்குவார்கள்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். கூத்தாடும் இறைவனின் பெயர் அது. அந்த மரக்கால் 'ராஜகேசரி'யோடு ஒக்கும் என்றும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். ராஜகேசரி என்பது சோழ அரசர்களின் பட்டப்பெயர். சாமி பெயரில் ஓர் அளவு, அரசன் பெயரில் ஓர் அளவு, இரண்டும் சமம் என்று கல்லில் எழுதி வைக்க வேண்டியிருந்திருக்கிறது. ஒவ்வாத மரக்கால்களும் ஊரில் புழங்கியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, உன் நாட்டில் அவை ஒவ்வாமலே இருக்கட்டும். வரி வாங்கும் மரக்கால் ஒரு பிடி பெரிது, கூலி அளக்கும் மரக்கால் ஒரு பிடி சிறிது. இரண்டையும் கடைவது ஒரே தச்சன். ஒரு நாள் அவன் மகளே கூலி நெல் வாங்கக் களத்தில் வந்து நிற்கிறாள். உன் ஏழு அரசர்களைவிட அந்தத் தச்சனைப் பற்றித்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரைபடத்தைக் கொஞ்ச நாள் மடித்து வை. பொங்கலுக்கு வருவாய் அல்லவா, மரக்காலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைக்கிறேன். நெல்லும் இருக்கிறது. நீயே அளந்து பார்.

அன்புடன்,
அக்கா